மூன்று கட்சிக்கும் யெஸ்

வேட்பாளரின் கழுத்துப்பட்டி மீது பூண்டுத் தோல் குவிந்துகொண்டிருந்தது. இராசமலர் பூண்டு உரிக்கக் கத்தி எடுப்பதில்லை. கட்டைவிரல் நகத்தால் ஒரு கீறல், இரண்டு விரலால் ஒரு நெரி; பல் வழுக்கிக்கொண்டு வெளியே வந்துவிடும். கீழே விரித்திருந்தது தேர்தல் துண்டுப்பிரசுரம். "நல்ல மொத்தமான பேப்பர், ஈரம் ஊறாது" என்பார். ஆனால் வாசித்து முடிக்காத எதையும் விரிக்க மாட்டார். ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சைக்குக் காத்திருப்பது, வீட்டு வாடகை, பாடசாலை, ஓய்வூதியம் என்று எந்தக் கட்சி எதற்கு எந்தப் பக்கம் நிற்கிறது என்பதை விரல் வைத்து வாசிப்பார். தனக்கு வேண்டியது அதில் இல்லை என்று உறுதியான பிறகே பூண்டு வரும்.

உலகின் தென்கோடியில், கிளென் ஈடன் என்ற இந்தப் புறநகரில், ரயில் பாதைக்கு அடுத்த தெருவில், வரிசை வீடுகளில் முதலாவது அவருடையது. வயது அறுபத்திரண்டு. முதியோர் இல்லம் ஒன்றின் சலவை அறையில் துணி மடிக்கிறார். நின்றபடியே செய்யும் வேலை. பின்னேரம் முழங்கால் இரண்டும் வீங்கிவிடும். காலை உயர்த்தி வையுங்கள், உப்பைக் குறையுங்கள் என்றால், "உப்பில்லாமல் சாப்பிட்டு ஆருக்கு வடிவு காட்ட?" என்று கேட்பார். வீட்டில் தொலைக்காட்சி எந்நேரமும் சத்தமில்லாமல் ஓடும். "அவை என்ன கதைக்கினம் எண்டு எனக்கு வேண்டாம். ஆக்கள் நடமாடினால் காணும்."

மகன் யசீகரன்தான் அவரை இங்கே வரவழைத்தான். அடுத்த வருடமே அவனுக்குக் கடல் தாண்டிப் பிரிஸ்பேனில் வேலை கிடைத்தது. கூடவே வரச் சொன்னான், இவர் போகவில்லை. "இப்பதான் பஸ் ரூட் பிடிபட்டது" என்பது ஊருக்குச் சொன்ன காரணம். உண்மைக் காரணம் கொழும்பில், வெள்ளவத்தை லொட்ஜ் அறை ஒன்றில் இருந்தது: தங்கை சிவபாக்கியம். கல்யாணம் செய்யாதவர். போன வருடம் யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து, அலைந்து திரிந்து, கொழும்பு வந்து சேர்ந்தவர். இங்கிருந்து அவரைக் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்று ஒருவர் சொன்னார். அந்த விதி மாறிவிட்டது என்றார் இன்னொருவர். தேர்தல் முடியட்டும், எல்லாம் மாறும் என்றார் வேறொருவர்.

இதற்கிடையில் திருச்சியில் இருக்கும் ஒன்றுவிட்ட தமக்கையின் மகள், சிவபாக்கியத்தைத் தன்னோடு வந்து இருக்கச் சொன்னாள். மாடி அறையைத் தீபாவளி வரைக்கும்தான் வாடகைக்கு விடாமல் வைத்திருக்க முடியுமாம். "அக்கா சொன்னால் போறன், அக்கா சொன்னால் நிக்கிறன்" என்று தங்கை பாரத்தை இவர் தலையில் இறக்கிவிட்டார். ஆகவே தொண்ணூற்றாறாம் ஆண்டுத் தேர்தலில் இராசமலருக்கு இருந்த கேள்வி ஒன்றே ஒன்று. தங்கச்சி வரலாமா, வர முடியாதா?

வாக்குக் கேட்டு வந்தவர்களை அந்தத் தெருவில் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தது அவர் ஒருவர்தான். தாடிக்காரர் வந்தார், கண்ணாடிக்காரர் வந்தார், பச்சைக் கோட்டு அணிந்த பெண் வந்தார். எல்லோருக்கும் பால் விடாமல் இஞ்சி போட்ட பிளேன்ரீ, பயற்றம் பணியாரம். "மை சிஸ்டர். கேன் ஷீ கம்?" என்று கேட்டார். தாடிக்காரர் குடும்பத்தின் மேன்மை பற்றிப் பேசினார். கண்ணாடிக்காரர் நாட்டின் வளர்ச்சி பற்றிப் பேசினார். பச்சைக் கோட்டுப் பெண், தன் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று, கேள்வி வருமுன்பே எழுந்து ஓடினார்.

ஒருவர் பேசும்போது இடையிடையே ‘ஓம், ஓம்’ என்பது நம்மவர் பழக்கம். காது கொடுக்கிறேன் என்பதற்கு மேல் அதில் பொருள் கிடையாது. இராசமலர் அதை மரியாதைக்கு ஆங்கிலத்தில் சொன்னார். எங்கள் கட்சிக்குத்தானே? யெஸ், யெஸ். வேலியில் ஒரு விளம்பரப் பலகை வைக்கலாமா? யெஸ், யெஸ். ஒரு வாரத்துக்குள் வேலியில் மூன்று கட்சியின் பலகைகளும் தோளோடு தோள் உரசிக்கொண்டு நின்றன.

மகளோடு இருக்க மதுரையிலிருந்து வந்தவர் பங்கஜம், அடுத்த வீடு. பலகைகளைப் பார்த்துவிட்டு உள்ளே வந்தார்.

"என்னக்கா இது, ஒரே பொண்ணை மூணு வீட்டுக்கு நிச்சயம் பண்ண மாதிரி?"

"நான் ஒருத்தருக்கும் ஓமெண்டு சொல்லேல்லை."

"யெஸ்னு சொன்னீங்களா?"

"அது, சொல்லுங்கோ கேக்கிறன் எண்டு சொன்னது."

"இந்தத் தடவை ஆளுக்கு ரெண்டு ஓட்டாம், வேட்பாளருக்கு ஒண்ணு, கட்சிக்கு ஒண்ணு. அப்படிப் பார்த்தாலும் ஒரு பலகை கூடுதலா இருக்கே."

"கழட்டச் சொன்னால் பிறகு வரமாட்டினம், பங்கஜம். எனக்கு மறுமொழி வேணும்."

அவர் சொல்லாத இன்னொரு பாதியும் இருந்தது. பலகை காற்றில் சரிந்தால் நிமிர்த்த யாராவது வருவார்கள். வந்தால் ஒரு தேநீர் குடித்துவிட்டுப் போவார்கள். மற்ற மாதங்களில் அந்த வாசலுக்கு வருபவர் மின்சார மீற்றர் பார்ப்பவர் மட்டும்தான். அவரும் உள்ளே வருவதில்லை.

தேர்தலுக்கு முந்திய வாரம் மூன்று வேட்பாளர்களும் தேவாலய மண்டபத்தில் ஒரே மேடையில் இருந்தார்கள். பங்கஜத்தைத் துணைக்கு இழுத்துக்கொண்டு இராசமலர் போனார். நேரம் வந்ததும் முன்கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு எழுந்து, தன் கேள்வியைக் கேட்டார். கடைசியில் "யெஸ் ஓர் நோ?" என்றும் சேர்த்துக்கொண்டார். மண்டபம் சிரித்தது.

குடும்பங்கள் ஒன்றுசேர்வதைத் தமது கட்சி எப்போதும் மதித்து வந்திருக்கிறது என்றார் தாடிக்காரர். யெஸ், யெஸ் என்றார் இராசமலர். ஒவ்வொரு விண்ணப்பமும் அதனதன் தகுதிப்படி பார்க்கப்படும் என்றார் கண்ணாடிக்காரர். யெஸ், யெஸ். பச்சைக் கோட்டுப் பெண் இவர் பக்கம் திரும்பினார். உங்கள் சகோதரிக்கு என்ன வயது என்று கேட்டார். ஐம்பத்தெட்டு. ஆங்கிலம் தெரியுமா? கொஞ்சம்.

"அப்படியென்றால், இல்லை" என்றார். "யார் ஆட்சிக்கு வந்தாலும் விதி இறுகத்தான் போகிறது. தளர்த்துவோம் என்று எங்கள் கட்சியும் சொல்லவில்லை. காத்திருங்கள் என்று உங்களிடம் சொன்னால் அது பொய்."

இராசமலர் அதற்கு யெஸ் சொல்லவில்லை. பிறகு "தாங்க் யூ" என்று உட்கார்ந்தார்.

"மூஞ்சில அடிச்ச மாதிரி சொல்லிட்டாளே" என்று வீடு வரும் வழியெல்லாம் பங்கஜம் பொருமினார்.

"ஓம்" என்றார் இவர்.

வாக்களிக்கும் நாளில் கட்சி விளம்பரம் எதுவும் வெளியே இருக்கக் கூடாது என்பது இங்கே சட்டம். வெள்ளிக்கிழமை பின்னேரம் வான் ஒன்று வந்தது, பிறகு இன்னொன்று, பிறகு ஒரு கார். மூன்று பலகைகளையும் மூன்று கட்சிக்காரர்கள் பிடுங்கி ஏற்றினார்கள். இராசமலர் கேத்திலைக் கொதிக்க வைத்துவிட்டு யன்னலருகே நின்றார். ஒருவரும் கதவைத் தட்டவில்லை. அவர்களுக்கு இன்னும் எத்தனையோ வேலி பாக்கி இருந்தது.

சனிக்கிழமை பள்ளிக்கூடத்தில் வாக்களிப்பு. வந்து ஒரு வருடம் ஆகாததால் பங்கஜத்துக்கு வாக்கில்லை. வாசலில் நின்று காத்திருந்தார்.

"யாருக்குக்கா போட்டீங்க?"

"பச்சைக் கோட்டுக்காரிக்கு."

"முடியாதுன்னு சொன்னவளுக்கா?"

"கேட்டதுக்கு மறுமொழி சொன்னவள் அவள் ஒருத்திதான்."

"சரி, கட்சிக்குப் போடற ஓட்டு?"

"அதைச் சொல்லமாட்டன். வேலியில நிண்ட ஆக்களுக்கு மனவருத்தம் வரும்."

பங்கஜம் சிரித்தார். கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "தங்கச்சிகிட்ட இதை எப்படிச் சொல்லப் போறீங்க?" என்று கேட்டார்.

"உள்ளதைச் சொன்னால் திருச்சிக்குப் போகமாட்டாள். பாவம், அக்கா தனிய எண்டு, திறக்காத கதவைப் பார்த்துக்கொண்டு அந்த லொட்ஜ் அறைக்குள்ளயே கிடப்பாள்."

"அப்ப?"

"பஸ் வருது, கையைக் காட்டுங்கோ" என்றார் இராசமலர்.

மறுநாள் காலை வானொலி, எந்தக் கட்சிக்கும் பெரும்பான்மை கிடைக்கவில்லை என்றது. அதை நிறுத்திவிட்டுத் தலைக்கு வார்த்தார், சோற்றை அடுப்பில் வைத்தார், கொழும்பில் விடிகிற நேரம் வரும்வரை ரெலிபோனுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு உட்கார்ந்திருந்தார். லொட்ஜில் முதல் எழும்பித் தண்ணீர் பிடிப்பவர் சிவபாக்கியம்தான். அவரே எடுத்தார்.

"பாக்கியம், நீ திருச்சிக்குப் போ."

"ஏனக்கா? விசா தரமாட்டினமாமோ?"

"தருவினமோ என்னவோ. நான்தான் யோசிச்சுப் பார்த்தன், உனக்கு இந்த இடம் சரிவராது. உன்ர நெஞ்சுச் சளியோட இந்தக் குளிரைத் தாங்கமாட்டாய். பிறகு நான்தான் உன்னை இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு அலைய வேணும்."

மறுமுனையில் வாளி ஒன்றைத் தரையில் வைக்கும் சத்தம் கேட்டது.

"குளிர் முடிஞ்சு போச்செண்டுதானே போன கிழமை சொன்னீங்கள்" என்றார் தங்கை.

வடக்கு யன்னலால் வந்த வெயில் நேரே முகத்தில் விழுந்துகொண்டிருந்தது. இராசமலர் ஒரு கையை நெற்றியில் வைத்துக் கண்களை மறைத்துக்கொண்டார்.

"எங்க முடிஞ்சது" என்றார். "இஞ்ச மூண்டு நாளா ஒரே மழை."