கடைசிச் சீட்டுக்குக் கழிவில்லை

லண்டனில் ஒரு கம்பனியின் கணக்குப் பகுதியில் பல வருடம் குப்பை கொட்டியவன், அதே கம்பனி தந்த மருத்துவக் காப்புறுதியை விளங்கிக்கொள்ளாமல் மனைவியின் கழுத்தோடு விளையாடினான் என்றால் அவனை நீங்கள் என்ன சொல்லித் திட்டுவீர்கள்? யோசித்து வையுங்கள். அந்த ஆள் நான்தான்.

2009ஆம் ஆண்டு. வங்கிகள் விழுந்ததற்கு அடுத்த வருடம். எங்கள் கம்பனியிலும் ஆட்களை நிற்பாட்டப் போகிறார்கள் என்று கதை அடிபட்டது. ஒரு நாள் எல்லாரையும் கன்ரீனுக்குக் கூப்பிட்டார்கள். ஆட்களை எடுப்பதும் விடுவதும் பார்க்கிற ஆளணிப் பகுதியில் இருந்த வெள்ளைக்காரப் பெண், ஒருவருக்கும் வேலை போகாது, ஆனால் காப்புறுதிக்கு இனிமேல் எக்ஸஸ் உண்டு என்றாள். வைத்தியச் செலவில் முதல் முந்நூறு பவுணை நாங்கள் கட்டவேண்டும், மிச்சத்தைக் காப்புறுதிக் கம்பனி கட்டும். அதற்குப் பிறகும் என்னவோ விளக்கினாள். வேலை போகாது என்ற சொல்லோடு என் காது அடைத்துவிட்டது. கேள்வி உண்டா என்று கேட்டாள். எல்லாம் விளங்கியவன்போல முதலில் தலையாட்டியது நான்.

உண்மையில் எனக்கு விளங்கியது ஒன்றுதான்: இதுவும் சீட்டு.

மனோர் பார்க்கில் எங்கள் வீட்டு முன்னறையில் மாதம் ஒரு ஞாயிறு நான் சீட்டுப் பிடித்துவந்தேன். முருகன் கோயில் பூசை முடிந்து வருகிற கூட்டம் அப்படியே வந்து குந்தும். எல்லாரும் மாதாமாதம் காசு போடுவோம். அவசரக்காரன் கழிவு கூறி முதலில் எடுப்பான். அவனுக்குக் குறைத்துத்தான் கிடைக்கும். மாதம் போகப்போகக் கழிவு குறையும். கடைசியாக எடுக்கிறவனுக்குக் கழிவே இல்லை, முழுத்தொகை. ஆக, எக்ஸஸ் என்பதும் கழிவுதானே? காப்புறுதி வருடம் ஐப்பசியோடு முடிகிறது. தொடக்கத்தில் எடுத்தால் முந்நூறு போகும். முடிவில் எடுத்தால் ஒன்றும் போகாது. இதை ஒருவரிடமும் கேட்டுப் பார்க்கவில்லை. சீட்டுப் பிடிக்கிறவனே போய்ச் சீட்டைப் பற்றிக் கேட்டால் மரியாதை என்னாவது?

ஆவணியில், கோயிலுக்கு வெளிக்கிட்டுச் சங்கிலி கொழுவும்போது என் மனைவியின் விரலில் அது தட்டுப்பட்டது. கழுத்தின் வலப்பக்கம், கடலை அளவில் ஒரு கட்டி. குடும்ப டொக்டர் தொட்டுப் பார்த்தார், எச்சில் விழுங்கச் சொன்னார். அநேகமாக ஒன்றும் இராது, ஆனால் ஊசி குத்திச் சோதிக்காமல் சொல்ல ஏலாது என்றார். அரசாங்க ஆஸ்பத்திரிக்கு அனுப்ப அவர் கம்ப்யூட்டரில் கை வைத்த நேரம், எங்களுக்குப் பிரைவேட் இருக்கிறது என்றேன். சொந்தமாக ஆனை வைத்திருக்கிறவன் சொல்கிற தோரணையில் சொன்னேன். அவர் கையை எடுத்துவிட்டார். அப்படியென்றால் இன்றைக்கே காப்புறுதிக்காரருக்குப் போன் பண்ணுங்கள், அங்கேதான் கெதியாகப் பார்ப்பார்கள் என்றார்.

நான் போன் பண்ணவில்லை.

"கொஞ்சம் பொறும்," என்றேன் மனைவியிடம், காரில் ஏறினவுடனே. "கடைசிவரைக்கும் பொறுத்தால் முழுசாக் கிடைக்கும்."

"கட்டிக்கு உங்கட சீட்டுத் தெரியுமே?"

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

புரட்டாசி முழுக்க அவள் விழுங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். தேத்தண்ணி குடித்தால் தொண்டை ஏறி இறங்குவதைப் பார்ப்பேன். கடலை இப்போது நெல்லிக்காய் ஆகிவிட்டதோ? கேட்கப் பயம். வாய் ஓயாமல் பகிடி விடுகிறவன் நான். சாப்பாட்டு மேசையில் ஒரு பகிடியும் வாயில் வரவில்லை, வந்த ஒன்றிரண்டும் பாதியிலேயே செத்துப்போயின. ரொறன்ரோவில் இருக்கும் தமக்கையோடு அவள் மேலறைக் கதவைச் சாத்திக்கொண்டு கதைக்கத் தொடங்கினாள். நான் படியில் நின்று காது கொடுத்துப் பார்த்தேன். என் பெயர் மட்டும் கேட்டது, அதுவும் நல்ல தொனியில் இல்லை. ஒரு செவ்வாய்க்கிழமை பிந்தி வந்தாள். வேலையில் ஷிப்ட் மாறிவிட்டது என்றாள். கழுத்தில் சின்னப் பிளாஸ்டர். கேட்டதற்குச் சங்கிலி கீறிப்போட்டுது என்றாள். நானும் கெட்டிக்காரன், பேசாமல் நம்பினேன்.

ஐப்பசி பிறந்ததும் என்னால் தாங்க ஏலவில்லை. ஆளணிப் பகுதிக்குப் போய், எக்ஸஸ் இப்போது எவ்வளவுக்குக் குறைந்திருக்கும் என்று கேட்டேன். அந்தப் பெண்ணுக்குக் கேள்வியே பிடிபடவில்லை. இரண்டாம் தரம் கேட்டபோதுதான் அவள் முகம் மாறியது. அது குறையாது என்றாள். வருடத்தில் எந்த நாள் போனாலும் அதே முந்நூறுதான். காப்புறுதிக்குப் புது வருடம் பிறந்தால் திரும்ப முதலிலிருந்து தொடங்கும். இப்போது சோதனை செய்து, ஒப்பரேஷன் அடுத்த மாதத்துக்குப் போனால் இரண்டு தரம் கட்டவேண்டி வரும்.

யாருக்கு என்று கேட்டாள். மனைவிக்கு என்றேன். எப்போதிருந்து என்றாள். ஆவணியிலிருந்து என்று அவள் மேசையைப் பார்த்துச் சொன்னேன். கையிலிருந்த பேனையை வைத்துவிட்டு, தன் மேசை டெலிபோனை என் பக்கம் திருப்பி வைத்தாள். காப்புறுதிக்காரருக்குப் போன் பண்ணினேன்; டொக்டரைப் பார்க்கத் திங்கட்கிழமைக்கு ஒரு நேரம் கிடைத்தது.

வீட்டுக்குப் போக லிவர்பூல் ஸ்ட்ரீட்டில் ஏறிய ரயில், ஸ்ட்ராட்போர்ட்டுக்கு இந்தப் பக்கம் காரணம் சொல்லாமல் நின்றது. வெளியே மழை. எதிரே இருந்த ஒரு பெண் கழுத்துச் சால்வையைக் கழற்றினாள்; நான் யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பினேன். திங்கட்கிழமை டொக்டர் பார்த்துவிட்டு, ஆவணியில் வந்திருக்கலாமே என்று கேட்டால் என்ன சொல்வது? முந்நூறு பவுண் மிச்சம் பிடித்தேன் என்றா? பிள்ளைகளுக்கு என்ன சொல்வது? முருகனிடம் ஏதாவது பேரம் பேசலாமா என்று பார்த்தேன். அவரும் என் சீட்டில் சேரமாட்டார் என்று தெரிந்தது.

வீட்டுக்குள் போனபோது அவள் புட்டுக்கு மாக் குழைத்துக்கொண்டு நின்றாள். கோட்டைக்கூடக் கழற்றாமல், "திங்கட்கிழமை டொக்டரிட்டைப் போறம். எவ்வளவு போனாலும் போகட்டும்," என்றேன்.

அவள் திரும்பவில்லை. மாவை உதிர்த்தபடியே சொன்னாள். நான் பொறுக்கச் சொன்ன அடுத்த கிழமையே குடும்ப டொக்டரிடம் தனியாகப் போயிருக்கிறாள். அவர் அரசாங்க ஆஸ்பத்திரிக்கு எழுதியிருக்கிறார். அந்தச் செவ்வாய்க்கிழமை ஊசி குத்தியிருக்கிறார்கள். ஒரு சதம் கேட்கவில்லை. வெறும் நீர்க்கட்டியாம், பயப்பட ஒன்றும் இல்லையாம்; முடிவு வந்து ஒரு கிழமை ஆகிறது.

கதிரையைத் தேடிப் பிடித்து இருந்தேன். கோட்டைக் கழற்றி மடியில் வைத்தேன். பிறகுதான் கோபம் வந்தது. ஒரு கிழமையாக நான் செத்துக்கொண்டிருந்தது இவளுக்குத் தெரியாதா?

"தெரிஞ்ச உடனே ஏனப்பா எனக்குச் சொல்லேல்லை?"

அவள் புட்டு அவிக்கிற நீத்துப்பெட்டியை அடுப்பில் வைத்து மூடினாள்.

"கடைசிவரைக்கும் பொறுத்தால்தானே முழுசாக் கிடைக்கும்."