இடக்கண்ணுக்குக் கீழே ஒரு மச்சம்

தங்கையும் குழந்தையும் கிளம்பிப் போனது ஒரு வியாழக்கிழமை. விடிந்ததிலிருந்தே மழை. பெட்டிகளை டாக்சியில் ஏற்றியது அக்காதான். தங்கை கதவைப் பார்த்து "வரேன்" என்றாள். குழந்தை மட்டும் டாக்சிக் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு பெரியம்மாவைப் பார்த்துச் சிரித்தது. அதைப் படம் எடுக்க அவளுக்குக் கை துடித்தது. கேமரா மாடியில் இருந்தது. போய் எடுத்துவரத் துணிச்சல் வரவில்லை.

அக்காவைத் தெருவே கிலுகிலுப்பை என்றுதான் சொல்லும். குழந்தைகளைப் படம் எடுப்பது அவள் தொழில். மாடியறையில் ஜன்னலையொட்டி ஒரு மெத்தை, மேலே வெள்ளை விரிப்பு, வெளிச்சத்தை மட்டுப்படுத்த ஒரு மெல்லிய திரை. ஸ்டூடியோ அவ்வளவுதான். தரையோடு தரையாகப் படுத்து, குழந்தையின் கண்மட்டத்துக்குக் கேமராவை இறக்கி, பல்லில் கிலுகிலுப்பையைக் கடித்துக்கொண்டு தலையை ஆட்டுவாள். குழந்தை திரும்பும் நொடியில் கிளிக். படத்தில் இமைமயிரை ஒவ்வொன்றாக எண்ணலாம்.

பிறகு கம்ப்யூட்டரில் உட்கார்ந்து கொசுக்கடி, நகக்கீறல், வாயோரத்துப் பால், மோவாயில் வழிந்த எச்சில் எல்லாவற்றையும் துடைத்தெடுப்பாள். பளிங்கு மாதிரி இருக்கிறது என்று பெற்றவர்கள் பூரித்துப்போவார்கள். அந்தக் கைக்கு ஓய்வே கிடையாது. சாப்பிட உட்கார்ந்தாலும் மேசைக் கறையை விரல் தேய்த்துக்கொண்டிருக்கும். "மேசைக்குத் தோல் உரிஞ்சிடப்போகுது, விடுக்கா" என்பாள் தங்கை.

பிரசவத்துக்கு வந்த தங்கை அக்கா வீட்டிலேயே தங்கியிருந்தாள். வெளிநாட்டில் வேலை பார்த்த அவள் கணவர், இருவரையும் கூட்டிப்போக விடுப்பில் வந்தார். குழந்தைக்குப் பாஸ்போர்ட் படம் வேண்டும். வீட்டிலேயே ஆள் இருக்கும்போது வெளியே போவானேன் என்று பெரியம்மாவே எடுத்தாள். குழந்தைக்கு இடக்கண்ணுக்குக் கீழே பயறளவில் ஒரு மச்சம். பிறந்த அன்றே அதைப் பார்த்து மச்சக்காரி என்று பெயர் வைத்தவளும் அவள்தான்.

உறையில் போட்டுக் கொடுத்த படத்தை வீட்டில் யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. அலுவலகத்தில் கவுன்ட்டர்க்காரர் பார்த்தார். குழந்தையைப் பார்த்தார், திரும்பப் படத்தைப் பார்த்தார். மச்சம் எங்கே என்றார். படத்தில் கன்னம் வழுவழுவென்று இருந்தது. திருத்திய படம் செல்லாது, வேறு தேதி பதிவு செய்துகொண்டு புதுப் படத்தோடு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார். அந்தத் தேதி கிடைப்பதற்குள் மாப்பிள்ளையின் விடுப்பு தீர்ந்தது. அவர் தனியாகவே திரும்பிப் போனார்.

"நாங்க போகக் கூடாதுன்னுதானே பண்ணின?"

"கைப்பழக்கத்துல போயிடுச்சுடி."

"பேர் வச்சவளே நீதான். உன் கண்ணுக்குத் தெரியாமலா போச்சு?"

வேண்டுமென்றே செய்ததா, கைப்பழக்கமா என்று உள்ளபடியே அக்காவுக்கும் தெரியவில்லை. இவர்கள் போய்விட்டால் இந்த வீட்டில் எப்படி இருப்பது என்று நினைத்தபடிதான் அன்று மௌஸை நகர்த்திக்கொண்டிருந்தாள். அது மட்டும் நிச்சயம். இரண்டாவது படத்தைத் தங்கை கடைத்தெருவில் எடுத்துக்கொண்டாள்.

போன பிறகும் பேச்சு நின்றுபோகவில்லை. ஆனால் ஒரு படம்கூட வரவில்லை. வீடியோவில் பேசினால் குழந்தையின் முகம் கட்டம்கட்டமாக உடையும். மச்சம் ஒரு நேரம் தெரியும், ஒரு நேரம் தெரியாது. ஒரு படம் அனுப்பேன் என்று கேட்க நாக்கு வரைக்கும் வரும். கேட்க மாட்டாள். ஜன்னலுக்கும் கம்ப்யூட்டருக்குமாக நடப்பாள். திருத்தாத பழைய படத்தைத் திறப்பாள், உடனே மூடுவாள். இந்தக் கீறல் இருக்கட்டுமா, எடுத்துவிடவா என்று வருகிறவர்களிடமெல்லாம் கேட்க ஆரம்பித்தாள். அதற்குத்தானே உங்களிடம் வந்தோம் என்று ஒரு அம்மா முகம் சுளித்தாள்.

மச்சக்காரி பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்டாள் என்பதும் காதால் கேட்ட செய்திதான்.

ஒருநாள் பல்லில் கிலுகிலுப்பையோடு தரையில் படுத்திருந்தபோது போன் அதிர்ந்தது. மெத்தையில் இருந்த குழந்தை அந்தச் சத்தத்துக்குத் திரும்பி, அழகாகச் சிரித்தது. அவள் கிளிக் செய்யவில்லை. கிலுகிலுப்பையைக் கீழே வைத்துவிட்டுப் போனை எடுத்தாள். தங்கை எழுதியிருந்தாள்.

"அடுத்த மாசம் லீவுக்கு வரோம். மச்சக்காரி பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கணும். போட்டோ நீயே எடு. ஒரு இடத்துல நிக்க மாட்டா, உன்னை மாதிரியே. எடுத்ததும் கையைக் கட்டிக்கிட்டு உக்காரு, நான் பக்கத்துலயே இருப்பேன்."