காற்றாடி இல்லாத சுவிட்ச்

ஓட்டமாவடியில் ஒரு நெல் ஆலையில் கம்பியூட்டர்களையும் கமராக்களையும் பார்த்துக்கொள்வது என் வேலை. அங்கே கணக்குப் பகுதியில் இருப்பவரை நான் ராத்தா என்று கூப்பிடுவேன். ஊரில் அக்காவை அப்படித்தான் அழைப்பார்கள். வாழைச்சேனையிலிருந்து பஸ்ஸில் போய் இறங்கும் எனக்கு, முதல் நாளே தன் மேசையில் பாதியை ஒதுக்கித் தந்தவர் அவர்.

சிறுவயதில் வந்த காய்ச்சலால் ராத்தாவுக்குக் காது மந்தம். கருவி வைத்திருக்கிறார். முக்காட்டுக்குள் இருப்பதால் பலருக்குத் தெரியாது, அவரும் சொல்லமாட்டார். மில் இரைச்சல் கதவைச் சாத்தினால் தாங்கலாம், பக்கத்திலேயே ஏதாவது ஓயாமல் இரைந்தால் மனிதர் பேச்சை அது விழுங்கிவிடும் என்று என்னிடம் ஒரேயொரு தடவை சொல்லியிருந்தார்.

அந்த அறுவடைக்கு எங்களுக்குப் பெரிய தொல்லை. காவலாளி பழைய கமராப் பதிவை ஓட்டிப் பார்த்தால் போதும், தராசுக்குப் பக்கத்தில் பில் அடிக்கும் கம்பியூட்டர் அப்படியே நின்றுவிடும். லொறிகள் வாசல்வரை வரிசை கட்டும். கமரா, கம்பியூட்டர் எல்லாவற்றின் வயரும் போய்ச் சேரும் பழைய சின்னச் சுவிட்ச் எதையும் பிரித்துப் பார்க்காமல் ஒன்றாக அனுப்பியதுதான் காரணம். மனேஜ்ட் சுவிட்ச் ஒன்று வேண்டும் என்று முதலாளி ஹாஜியாரிடம் சொன்னேன். சுவிட்ச் என்றால் எலக்ட்ரீசியனிடம் சொன்னால் போட்டுத் தருவானே என்றார். வயல் வட்டைக்குள் தண்ணீரைப் பிரித்து விடுவதுபோல இது கமராவுக்கு ஒரு வழி, பில்லுக்கு ஒரு வழி என்று பிரித்து விடும் என்று விளக்கினேன். உடனே விளங்கிக்கொண்டார். அதைப் பொருத்தும் இரும்புத் தட்டான ராக்கை ராத்தாவின் அறைச் சுவரில் இருந்தது. பூட்டும் ஏசியும் உள்ள அறை அது ஒன்றுதான்.

நானும் ராத்தாவும் ஹாஜியாரோடு அவருடைய வேனில் மட்டக்களப்புக் கடைக்குப் போனோம். கடைக்காரர் காட்டிய பெரிய சுவிட்சைத்தான் நானும் மனதில் வைத்திருந்தேன். வயர் செருக இருபத்துநான்கு துளை, எல்லாவற்றிலும் கமராவுக்கு வேண்டிய மின்சாரமும் அதே வயரில் போகும். கடைக்காரர் அதை மேசையில் வைத்து இயக்கிக் காட்டினார். உள்ளே இருந்த காற்றாடிகள் ஓவென்று கிளம்பின. கொஞ்சத்தில் தணிந்தன, ஆனால் ஓயவில்லை.

ஹாஜியார் ராத்தாவிடம் உத்தரவாதம் எத்தனை வருசம் என்று கேட்கச் சொன்னார். ராத்தா, கடைக்கு வெளியே நிழலில்தான் வேன் நிற்கிறது என்று பதில் சொன்னார். ஹாஜியார் திருப்பிக் கேட்டார். ராத்தா சிரித்துக்கொண்டே விரலை முக்காட்டுக்குள் விட்டு எதையோ அழுத்தினார். கருவியை நிறுத்திவிட்டார் என்று எனக்குத் தெரிந்தது. பிறகு எங்கள் வாயையே பார்த்தபடி, "நல்லாத்தான் இருக்கு, எடுப்பம்" என்றார்.

நாள் முழுக்க அந்தச் சத்தத்துக்குள் இருக்கப்போகிறவர் அவர்.

காற்றாடி இல்லாதது இருக்கிறதா என்று கேட்டேன். இருந்தது. ஆனால் அதில் எட்டுத் துளைகளில்தான் மின்சாரம் வரும், உங்கள் கமராக்களுக்குப் போதாதே என்றார் கடைக்காரர். வாசல் பக்கத்துக் கமராக்களுக்குக் காவலாளி அறையில் தனியாக ஒரு சின்னச் சுவிட்ச் வைத்துச் சமாளிக்கலாம் என்றேன்.

"பெரிசு இருக்கக்குள்ள ஏன் மகள் இதுக்குப் போறீங்க?" என்று ஹாஜியார் கேட்டார்.

காற்றாடி உமித்தூசியை உள்ளே இழுக்கும், அடைத்துக்கொண்டால் சூடேறிப் பழுதாகும் என்றேன். பொய்யில்லை. ஹாஜியார் என்னைப் பார்த்தார், ராத்தாவைப் பார்த்தார், "அப்ப இதையே எடுங்க" என்றார். அவருக்கு எவ்வளவு விளங்கியது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு ஆலை நின்ற நேரம் அதைப் பொருத்தினேன். கமராக்களை ஒரு பக்கம், பில் கம்பியூட்டர்களை ஒரு பக்கம், வருகிறவர்களின் வைஃபையை இன்னொரு பக்கம் என்று பிரித்தேன். தொழுகை முடிந்து ஆட்கள் வந்ததும் வேண்டுமென்றே காவலாளியிடம் பழைய பதிவுகளை ஓட்டச் சொன்னேன். பில் நிற்காமல் அடித்தது. வாய்க்குள்ளேயே பேசும் ஒரு வயதான விவசாயி கணக்குக் கேட்டு வந்தார். ராத்தா அவரைத் திருப்பிச் சொல்ல வைக்காமல் பதில் சொல்லி அனுப்பினார்.

அவர் போனதும் ராத்தா ராக்கையை நிமிர்ந்து பார்த்தார். பச்சை விளக்குகள் சத்தமில்லாமல் மின்னிக்கொண்டிருந்தன.

"தூசிக்காகத்தானா?" என்றார்.

"தூசியும் ஒரு காரணம், ராத்தா."

"நான் ஒண்டும் சொல்லல்லயே."

"முந்தி ஒருக்கா சொன்னீங்க."

ராத்தா, கருவியை நிறுத்திவிட்டு வாயைப் பார்த்தே சமாளிக்கலாம் என்று அன்று கடையிலேயே முடிவெடுத்திருந்தாராம். தனக்காக ஹாஜியார் ஒன்றை மாற்றவேண்டி வருவது அவருக்குப் பிடிக்கவில்லை. அதை மெல்லச் சொல்லி முடித்துவிட்டு, வீட்டிலிருந்து கொண்டுவந்த சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தார். சோற்றுக்கு மேல் இருந்த இரண்டு பொரித்த மீனில் பெரியதை என் பக்கம் தள்ளி வைத்தார்.

"கை கழுவிட்டு வாங்க, ஆறிடும்" என்றார்.