பதிவுக்கு முன்னால் பிரதிஷ்டை

அப்பா ஆகஸ்டில் இறந்தார். சேலையூர் வாடகை வீட்டின் இரண்டாவது மாடியிலிருந்துதான் அவரை இறக்கினோம்.

பெயர் ஜெபராஜ். ஒரு கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பயந்த மனிதர். கேஸ் குழாய்களை மூடி, அறையைப் பூட்டி, திரும்பவும் திறந்து பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்புவார். 2015 வெள்ளத்தில், அப்போது வாடகைக்கு இருந்த முடிச்சூர் வீட்டுக்குள் கட்டில் மிதந்தது. அதன்பின் மழைச் சத்தம் கேட்டாலே எழுந்து உட்கார்ந்துகொள்வார்.

அம்மா ஈவ்லினுக்கு ஒரே ஆசை, சொந்த வீடு. தரகர் வேண்டாம் என்று என்னிடம் சொன்னார் அப்பா.

"புரோக்கர் கூட இருந்தா நம்மளைப் பயப்படவே விட மாட்டான், எபி. நான் நல்லா பயந்து பார்த்துத்தான் வாங்கணும்."

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் இருவரும் ரயிலேறி கூடுவாஞ்சேரியில் இறங்கி, புதுத் தெருக்களில் நடப்பார்கள். ஒரு தனி வீடு பிடித்தது. கட்டியவர் பட்டாபிராமனிடம் நேரடியாகப் பேசி அட்வான்ஸ் கொடுத்தார்கள். வில்லங்கச் சான்றையும் மூலப்பத்திரத்தையும் அப்பா ஒரு வக்கீலிடம் காட்டினார். பிறகு இன்னொரு வக்கீலிடமும் காட்டினார். நான் கட்டுமானப் பொறியாளன். தூண், பீம், தளம் பார்த்தேன். கட்டடத்தில் குறையில்லை.

பதிவுக்கு நாள் குறித்த பிறகு எங்கள் சபைப் போதகருக்கு மாற்றல் வந்தது. அந்த நாளுக்கு முன்பே அவர் கிளம்பியாக வேண்டும். அம்மாவுக்கு ஆபரேஷன் நடந்தபோது தினமும் வந்து ஜெபித்தவர். அவர் கையால்தான் வீட்டுப் பிரதிஷ்டை நடக்க வேண்டும் என்று அம்மா பிடிவாதமாக நின்றார்.

"உங்க வூடுதானே சார், ஜமாய்ங்க!" என்று பட்டாபிராமன் ஒரு நாளைக்கு மட்டும் சாவி கொடுத்தார். இன்னும் எங்களுடையதாகாத வீட்டில் ரிப்பன் வெட்டி, பாட்டுப் பாடி, ஒவ்வொரு அறையிலும் ஜெபித்து, பிரியாணி போட்டோம்.

பக்கத்து வீட்டுக்காரரைச் சாப்பிட அழைக்க அப்பா போனார். பொன்னுரங்கம் என்பவரின் பழைய வீடு. உள்ளே ஃபிரிட்ஜ் இடுப்பளவு சிமெண்ட் மேடைமேல் நின்றது. இன்வெர்ட்டர் பரணில் இருந்தது.

"ஃபிரிட்ஜுக்கு எதுக்குங்க இவ்ளோ உயரம்?"

"மழை சீசன்ல தண்ணி விருந்தாளி மாதிரி வரும் சார். ரெண்டு நாள் குந்திகினு போயிடும். பேஜார் ஒண்ணும் இல்ல. பிரியாணி மட்டனா, சிக்கனா?"

திரும்பி வந்த அப்பா சாப்பிடவில்லை. சுவரில் மார்பளவில் இருந்த எங்கள் புது மீட்டர் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்த வாரம் சொந்தக்காரர்கள் வீட்டுப் படத்தை வாட்ஸ்அப்பில் போட்டு வாழ்த்திக்கொண்டிருந்தார்கள். எந்த டப்பா எந்த அலமாரியில் என்று அம்மா முடிவே செய்துவிட்டார். அப்பாவுக்குப் பின்வாங்க நினைத்தாலும் பயம். கையெழுத்துப் போட நினைத்தாலும் பயம்.

பதிவு அலுவலக பெஞ்சில் டோக்கனோடு காத்திருக்கும்போது வாய் திறந்தார்.

"பட்டாபிராமன் சார், வெள்ளத்தப்ப அந்தத் தெருவுல எவ்ளோ தண்ணி?"

"அப்போ மெட்ராஸே தண்ணிலதானே கெடந்துச்சு சார்? அதெல்லாம் பாத்தா மலை மேலதான் வூடு கட்டணும். குன்றத்தூர்ல முருகன் பக்கத்துல இடம் கேக்கவா?"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள்.

"ஜெபம் பண்ணியாச்சுங்க," என்றார் அம்மா, பல்லைக் கடித்துக்கொண்டு. "சபையில கேட்டா என்ன சொல்லுவீங்க?"

"பயந்துட்டேன்னு சொல்றேன், ஈவ்லின்."

எங்கள் எண்ணை அழைத்தார்கள். அப்பா எழுந்து வாசல் பக்கம் நடந்தார்.

அட்வான்ஸ் திரும்பி வரவில்லை. அம்மா அவரோடு முகம் கொடுத்துப் பேச வெகுநாள் ஆனது. அந்த வீட்டை, கைக்குழந்தை இருந்த ஒரு குடும்பம் வாங்கியது.

அப்பா இறப்பதற்கு முந்தைய டிசம்பரில் புயல் மழை. அப்பா போர்வையைச் சுற்றிக்கொண்டு பொன்னுரங்கத்துக்கு ஃபோன் போட்டுக்கொண்டே இருந்தார். ஒருவழியாகக் கிடைத்தது. ஸ்பீக்கரில் போட்டார்.

"தெருவுல தண்ணி முட்டிக்கு மேல கீது சார். நீங்க வாணாம்னு வுட்ட வூட்டுல உள்ள பூரல. ஒரு படி பாக்கி."

அம்மா திரும்பினார். "கேட்டுச்சா? உள்ளே வரல. ஒரு படி பாக்கியாம்."

அப்பா அவரைப் பார்க்கவில்லை. ஃபோனை வாயருகே கொண்டுபோனார்.

"மழை இன்னும் விடலைங்க. அந்தக் கைக்குழந்தையை மொட்டை மாடி ரூமுக்குத் தூக்கிட்டுப் போகச் சொல்றீங்களா? இப்பவே போய்ச் சொல்லுங்க. நான் லைன்லயே இருக்கேன்."