தொட்டேனா, இல்லையா

ஆட்டிறைச்சி ஆலையில் பதினெட்டு வருஷமாக ஈரலும் நுரையீரலும் பார்த்துப் பாஸ் பண்ணுகிறவள் அவள். ஒவ்வொரு ஆட்டின் உள்ளுறுப்பும் ஒரு தட்டில் அவள் முன்னால் நகர்ந்து வரும். விரலால் அழுத்திப் பார்ப்பாள். உள்ளே கட்டி தட்டுப்பட்டால் சிவப்பு அட்டை; அந்த ஆடு முழுசும் தனியே ஒதுக்கப்படும். அதனால் அங்கே அவளுக்குச் 'சிவப்பு அட்டை' என்றே பெயர். நேருக்கு நேர் யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. எல்லாருக்கும் உயிர்மேல் ஆசை இருந்தது.

மூன்று மாதம் முன்பு ஆலைக்குக் கேமரா வைத்த மூக்குக்கண்ணாடி வந்தது. போட்டுக்கொண்டால் ஈரலைச் சுற்றி ஒரு கட்டம் தெரியும். மேலே சுத்தமாக இருந்தால் பச்சைக் குறி விழும். ஆட்டின் எண்ணோடு எல்லாமே வீடியோவாகப் பதிவாகும். மேலாளர் அன்றைக்கே படித்துப் படித்துச் சொன்னார்.

"இது வெளியிலதான் பார்க்கும்மா. உள்ள இருக்கிறதை உங்க விரல்தான் பார்க்கணும்."

"அதை எனக்கே சொல்லித் தர்றீங்களா சார்?" என்று வெடுக்கென்று கேட்டாள்.

இன்று ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் அந்தச் சந்தேகம் வந்து ஒட்டிக்கொண்டது. கடைசி ஆட்டின் ஈரல். பச்சைக் குறி விழுந்தது ஞாபகம் இருந்தது. தட்டு நகர்ந்ததும் ஞாபகம் இருந்தது. விரலில் பட்ட சூடு மட்டும் எவ்வளவு யோசித்தும் வரவில்லை.

உட்கார்ந்தாள், எழுந்தாள். குழாயைத் திறந்தாள், எதற்குத் திறந்தோம் என்று தெரியாமல் மூடினாள். பஸ் ஓட்டும் கணவருக்கு அன்று விடுமுறை. தரையில் மின்விசிறியைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"காலுல சக்கரமா கட்டியிருக்கு? ஒரு இடத்துல உட்காரேன்."

"கடைசி ஈரலை அமுக்கிப் பார்த்தேனான்னு தெரியலைங்க."

"பார்த்திருப்ப. பதினெட்டு வருஷப் பழக்கம், கை தானா செய்யும்."

அது ஐந்து நிமிஷத்துக்குத்தான் தாங்கியது. அதற்குள் யாரோ முகம் தெரியாத ஒருத்தி அந்த ஈரலை நறுக்கிக் குழந்தைக்குப் போடுவதுவரை மனசு போய்விட்டது. செருப்பை மறுபடி மாட்டினாள்.

ஆலையில் மேலாளர் கிளம்பத் தயாராக இருந்தார். விஷயத்தைக் கேட்டதும் பையைக் கீழே வைத்தார்.

"பதிவைத் திறந்தாலே மேலிடத்துக்குத் தகவல் போயிடும்மா. விட்டுப்போயிருந்துச்சுன்னா உங்க லைசென்ஸுக்கே வேட்டு. யோசிச்சுக்கோங்க."

யோசித்தாள். அந்த லைசென்ஸ் இல்லையென்றால் அவளுக்கு வேறு எந்த வேலையும் தெரியாது.

"திறங்க சார்."

திரையில் கடைசித் தட்டு வந்தது. கட்டம், பச்சைக் குறி. அவள் கை தட்டின் விளிம்பைப் பிடித்தபடி சும்மா இருந்தது.

"சரி, ஒரு ஆடுதானே," என்று மேலாளர் மூச்சுவிட்டார். "இன்னும் குளிர் அறையிலதான் இருக்கு. எடுத்து ஒதுக்கிடலாம்."

"அதுக்கு முன்னாடி உள்ளதைப் போடுங்க."

அதிலும் கை விளிம்பில்தான். அதற்கு முந்தியதிலும். பின்னோக்கிப் போகப் போக அவள் திரைக்கு இன்னும் கிட்டே போனாள். டீ இடைவேளைக்கு முன்னால் வந்த தட்டுகளில் விரல் பாதி தூரம் போகிறது, பச்சைக் குறி விழுந்ததும் திரும்பிவிடுகிறது. காலையில் வந்த முதல் தட்டையும் அவள் தொட்டிருக்கவில்லை. வேறு யார் செய்திருந்தாலும் கன்னத்தில் அறைந்திருப்பாள்.

"இன்னிக்கு உங்களுக்கு ஏதோ உடம்பு சரியில்ல," என்றார் மேலாளர் மெதுவாக. "இன்னைய சரக்கு மொத்தத்தையும் நிறுத்திடறேன்."

"நேத்தையதைப் போடுங்க சார்."

"நேத்தைய சரக்கு காலையிலேயே லாரி ஏறிப் போயிடுச்சும்மா."

"தெரியும். போடுங்க."

அவர் கை அசையவில்லை. அவளே எட்டிப் பொத்தானை அழுத்தினாள்.