சொல்லாமல் விட்ட பாலம்

ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் இடுப்பு உயரத்தில் ஒரு நீலக் கோடு. ஆந்திராவில், வரதய்யபாளையத்துக்குப் பக்கத்து ஊரொன்றில் நான் விவசாய உதவியாளராக இருந்தபோது, வீடு வீடாகப் போய் அதை இழுத்தவர் அங்கே மகளிர் குழுத் தலைவி. ஊருக்கே அவர் லீடரக்கா. போன வெள்ளத்தில் தண்ணீர் எதுவரை ஏறியது என்று கேட்டு, வீட்டுக்காரர்கள் கை வைத்துக் காட்டிய இடத்தில் பெயிண்ட் அடித்தார்.

மழை முன்போல இல்லை. மாதக்கணக்கில் பரவிப் பெய்தது, இப்போது இரண்டே நாளில் கொட்டிவிட்டு வயலைக் காயப்போடுகிறது. இதற்கு ஊர் ஒரு திட்டம் போட வேண்டும் என்று மேலதிகாரிகள் சொன்னார்கள். மூன்று மாதம் உட்கார்ந்து தெலுங்கில் நாற்பது பக்கம் எழுதினேன். கிராம சபையில் வாசித்தபோது பின்வரிசையில் ஊர்க்கதை ஓடியது. எட்டாவதுவரை படித்த லீடரக்கா ஒரு சார்ட்டை விரித்தார். எந்த வயலை நடாமல் விடுவது, படுக்கையில் கிடப்பவரை யார் தூக்குவது, மாடுகளை எந்த வழியாக மேட்டுக்கு ஓட்டுவது, எல்லாம் அதில் இருந்தது. ஊரே எழுந்து வந்து குனிந்து பார்த்தது. சார்ட் காற்றில் பறக்காமலிருக்க யாரோ என் நாற்பது பக்கத்தை அதன் மூலையில் வைத்தார்கள்.

ஒரு வாரம் கழித்து அவரே சார்ட்டோடு என்னிடம் வந்தார். "நீ படிச்ச பொண்ணு. நான் எதனா உட்டுட்டிருந்தா சொல்லும்மா."

மாடுகளின் வழி ஓடைப்பாலத்தைத் தாண்டிப் போனது. அந்தப் பாலத்துக்கு அடியில் தண்ணீர் போகும் குழாய்கள் மண்ணும் முள்ளும் அடைத்துக் கிடந்ததை வயல் சுற்றியபோது பார்த்திருந்தேன். பெரிய மழை வந்தால் தண்ணீர் பாலத்தின்மேல்தான் போகும்.

"எல்லாம் சரியா கீதுக்கா," என்றேன். ஒரு தடவையாவது அவர் தப்பாகட்டும் என்றிருந்தது. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்றும் நினைத்தேன். சொல்லவில்லை.

ஐப்பசியில் மழை கொட்டியது. அவர் போட்ட பட்டியல்படியே ஆட்கள் எல்லோரும் பள்ளிக்கூடத்து மேட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். பாலத்தில் மட்டும் வெள்ளம் புரண்டு, புருஷன் இல்லாத ஒரு பெண்ணின் இரண்டு எருமைகளை அடித்துக்கொண்டு போனது. அந்தப் பால்தான் அவள் பிழைப்பு.

மழை விட்டதும் கூடிய கூட்டத்தில் அவள் கேட்டாள், "அந்தப் பாலத்த யாருமே பாக்கலியா?"

லீடரக்கா எழுந்தார். "நான்தான் பாக்கல. ஏம் மேலதான் தப்பு."

யாரும் கோபப்படவில்லை. அந்தப் பெண்ணே அழுதுகொண்டு அவர் கையைப் பிடித்தாள். அப்போது எனக்கு முதலில் வந்தது வெட்கமல்ல, பொறாமைதான். என் தப்பையும் எடுத்துக்கொண்டு, அதற்குப் பிறகும் இத்தனை பேருக்கு வேண்டியவராக அவரால் இருக்க முடிந்ததே என்ற பொறாமை.

இப்போது பாகாலாவில் வேலை. பயிற்சி வகுப்புகளில் அந்த ஊர்த் திட்டத்தைப் பற்றிப் பேசச் சொல்கிறார்கள். நன்றாகவே பேசுகிறேன். பாலம் வரும்போது, "அதை அவங்க கவனிக்காம விட்டுட்டாங்க," என்று சொல்லிவிட்டு திரையில் அடுத்த படத்துக்குப் போய்விடுகிறேன்.