பின்சில்லு இழுக்காத கார்

பழைய காரை மாற்ற வேண்டும். மாரியில் புல்மோட்டைக்கு வேலைக்குப் போகையில் இருமுறை சேற்றில் புதைந்துவிட்டேன். பெற்றோல் குறைவாகக் குடிக்கும், நான்கு சில்லும் இழுக்கும் கார்தான் தேவை.

பன்னிரண்டு வருடமாக என் காரைப் பார்க்கும் மெக்கானிக் இன்று உப்புவெளியில் ஒன்றைக் காட்டினார். நான் கேள்வி கேட்காமல் சாவியைக் கொடுக்கும் ஒரே ஆள் அவர்.

"நாலு சில்லும் இழுக்கும் மிஸ். நானே கீழ படுத்துப் பார்த்தனான்."

நானும் குனிந்து பார்த்தேன். பின்சில்லுகளைச் சுழற்ற அங்கே தண்டும் இல்லை, மோட்டரும் இல்லை.

"உங்களுக்குத் தெரியும்தானே?"

"ஓம் மிஸ். விக்கிறவர் என்ர மச்சான். நீங்கள் குனிஞ்சு பார்ப்பீங்கள் எண்டு நான் நினைக்கேல்ல."

திருகோணமலையில் நம்பிக்கையான மெக்கானிக் யாரும் இருந்தால் சொல்லுங்கள். கார் விற்கும் மச்சான் இல்லாதவராக இருந்தால் நல்லது.